முதியோரின் நண்பனா?

வில்லியம் ஆஸ்லர் 1892-இல் வெளியிட்ட மருத்துவப் பாடநூலில் நிமோனியாவை முதுமையின் தனிப்பகை என்றே எழுதினார். 1898-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதே நோய் முதியோரின் நண்பனாகிவிட்டது. அதிக வலியின்றி, விரைவாக, நெடுநாள் தேய்விலிருந்து விடுவிக்கிறதாம். 1919 டிசம்பரில், தம் எழுபதாவது வயதில், அவரும் நுரையீரல் தொற்றினால்தான் இறந்தார். வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்து, அறுவைச் சிகிச்சையும் செய்துகொண்ட பிறகு. அந்த நண்பன் அவரிடம் அப்படியொன்றும் கனிவாக நடந்துகொள்ளவில்லை.

நம் சிறுகதைகளும் இந்த நட்புக்கு உடந்தை என்றே தோன்றுகிறது. திண்ணையில் கிடக்கும் கிழவர் ஒருநாள் சாப்பிட மறுப்பார், இறந்துபோனவர்களின் பெயர்களை முணுமுணுப்பார், விடியலில் அடங்கியிருப்பார். நாமும் கண்கலங்கிப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவோம். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் ஒரே நாளில் குழம்பினால் அது மூப்பன்று, பெரும்பாலும் நோய் என்பதும், நுரையீரலிலோ சிறுநீர்ப் பாதையிலோ தொற்று இருக்கக்கூடும் என்பதும் நமக்குத் தோன்றுவதேயில்லை. முதியவர்கள் பலருக்குக் கடுந்தொற்றிலும் காய்ச்சல் ஏறுவதில்லை. குழப்பம், பசியின்மை, காரணமின்றிக் கீழே விழுதல் என்றுதான் அது தலைகாட்டும். வெப்பமானியை நம்பி வீட்டார் இரண்டு நாள் காத்திருப்பார்கள். "வயசாயிடுச்சு, வேறென்ன" என்ற வாக்கியம் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

வயது வேறு, நலிவு வேறு. 2001-இல் லிண்டா ஃப்ரீடும் அவருடைய குழுவினரும் நலிவுக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: தானாக இளைத்தல், ஓயாத களைப்பு, கைப்பிடி தளர்தல், நடை மெதுவாதல், நடமாட்டம் குறைதல். இவற்றுள் மூன்று இருந்தால் நலிவு. எண்பது வயதில் இவை எதுவும் இல்லாதவர் உண்டு. அறுபத்தைந்தில் ஐந்தும் உள்ளவர் உண்டு. நலிந்த உடலுக்கு இருமிச் சளியை வெளியேற்றும் வலுவும் குறைவு. தொற்று குணமானாலும், பத்து நாள் படுக்கையில் கரைந்த தசை திரும்புவது அரிது. நடந்து மருத்துவமனைக்குப் போனவர் நாற்காலியில் திரும்புவது இப்படித்தான். புரதம் மிகுந்த உணவும் அன்றாட உடற்பயிற்சியும் நலிவை ஓரளவு தடுக்கும் என்பது இன்று தெரிந்ததே. ஆனால் நாம் தாத்தாவுக்குக் கஞ்சியும் ஓய்வும் தந்து அதற்கு அன்பு என்று பெயரிடுகிறோம்.

அரசும் நம்மைப் போலத்தான். நிமோகாக்கஸ் கிருமிக்கெதிரான ஊசி 2017 முதல் குழந்தைகளுக்கான தேசியத் திட்டத்தில் சேர்ந்தது. 2021-இல் நாடு முழுவதும் விரிந்தது. நல்ல காரியம். பேரனுக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு அவனைத் தூக்கிச் செல்லும் பாட்டிக்கு அத்திட்டத்தில் இல்லை. அவர் மருந்துக்கடையில் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும், யாராவது அவரிடம் சொன்னால்.