பந்தைக் கீழே வைத்த கை



விளையாட்டுச் சிறப்பிதழ் உங்கள் கைகளில் இருக்கிறது. இதழ் முழுக்கக் கோப்பைகளும் சாதனைகளும்தான். இந்த ஒரு பக்கத்தில் மட்டும், பந்தைக் கீழே வைத்துவிட்டுப் போன ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

பெயர் மாயா மூர். 1989-இல் அமெரிக்காவின் மிசூரி மாநிலத் தலைநகரான ஜெஃபர்சன் சிட்டியில் பிறந்தவர். வீட்டுக் கதவில் அம்மா மாட்டிக்கொடுத்த சின்ன வளையத்தில் பந்து போட்டுப் பழகியவர். கனெக்டிகட் பல்கலைக்கழக அணிக்கு அவர் ஆடிய நான்கு ஆண்டுகளில், அந்த அணி 150 ஆட்டங்களில் வென்றது. தோற்றது நான்கே நான்கில். அந்த வெற்றிகளில் 90 தொடர்ச்சியாக வந்தவை. 2011-இல் மகளிர் தொழில்முறைக் கூடைப்பந்துக்கு வந்தபோது, புதியவர்களில் முதல் ஆளாக அவரை மினசோட்டா லிங்க்ஸ் அணி எடுத்துக்கொண்டது. எட்டுப் பருவங்களில் நான்கு கோப்பைகள். 2014-இல் ஆண்டின் சிறந்த வீராங்கனை. லண்டனிலும் ரியோவிலும் ஒலிம்பிக் தங்கம்.

2019 பிப்ரவரியில், இந்தப் பருவம் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். வயது 29. காயம் ஏதுமில்லை, ஆட்டமும் மங்கவில்லை. அவர் மனம் சிறையிலிருந்த ஒருவர் மேல் இருந்தது.

ஜோனாதன் அயர்ன்ஸ் என்ற கறுப்பின இளைஞருக்கு, 16 வயதில் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்காக 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்திருந்தார்கள். 1997-இல் ஒரு வீட்டில் திருட வந்தவன் வீட்டுக்காரரைச் சுட்ட வழக்கு அது. வீட்டுக்காரர் அடையாளம் காட்டியதுதான் முக்கிய சாட்சியம். கைரேகையோ காலடித் தடமோ எதுவும் அயர்ன்ஸைச் சுட்டவில்லை. சிறை ஊழியத்தில் அவரைச் சந்தித்த மூரின் உறவினர்கள், அந்த வழக்குக் கட்டைப் பல ஆண்டுகள் வரிவரியாகப் படித்தார்கள். அவர்கள் வழியாக 2007-இல், கல்லூரிக்குப் போகும் முன், மூரும் அயர்ன்ஸைப் பார்த்தார். அன்று தொடங்கிய நட்பு அறுபடவில்லை.

கடைசியில் வழக்கைத் திருப்பிப்போட்டது ஒரு காகிதம்தான். அந்த வீட்டில் கிடைத்த ஒரு கைரேகை அயர்ன்ஸுடையதும் அல்ல, வீட்டுக்காரருடையதும் அல்ல என்ற அறிக்கை, அயர்ன்ஸின் வழக்கறிஞரிடம் கொடுக்கப்படவே இல்லை. இதைக் காட்டி 2020 மார்ச்சில் நீதிபதி தண்டனையை ரத்து செய்தார். ஜூலை 1 அன்று சிறை வாசலைத் தாண்டி அயர்ன்ஸ் வெளியே வந்தபோது, மூர் மண்டியிட்டுத் தரையில் சாய்ந்துவிட்டார். மூர் பிறந்த அதே ஜெஃபர்சன் சிட்டியில்தான் அந்தச் சிறை இருக்கிறது. பிறகு இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

மூர் மைதானத்துக்குத் திரும்பவே இல்லை. 2023-இல் ஓய்வை அறிவித்தார். 2025-இல் நெய்ஸ்மித் கூடைப்பந்துப் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. இன்னும் எத்தனை கோப்பை வென்றிருப்பாரோ என்று கேட்பவர்கள் உண்டு. அவர் வென்றவற்றிலேயே பெரியது அந்தச் சிறை வாசலில் கிடைத்ததுதான் என்பேன். ஒரு விளையாட்டு வீரருக்கு 29 வயதைவிட விலை உயர்ந்த சொத்து கிடையாது. அந்த வயதைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுத்தார்.

வாசகர்களே, காகிதக் கட்டோடு அலைகிற யாரோ ஒருவர் உங்கள் தெருவிலும் இருப்பார். நின்றுபோன ஓய்வூதியத்துக்காக, பட்டாவுக்காக, மகன் மேல் போட்ட வழக்குக்காக நடையாய் நடப்பார். இந்த வாரம் ஒரு முற்பகலை அவருக்குக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் காகிதங்களைக் கடைசி வரி வரை படித்துப் பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்