மலையகத்தின் பலம் ஆயுதத்தில் இல்லை

ஆயுதம் ஏந்திய குடிமக்களால் ஒரு நவீன அரசை வீழ்த்த முடியுமா? நமது இலங்கையின் வரலாறே விடை சொல்கிறது. 1971 ஏப்ரலில் பொலிஸ் நிலையங்களைத் தாக்கிய மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி சில வாரங்களில் முறியடிக்கப்பட்டது. அதே முன்னணியின் 1987-89 கிளர்ச்சியும் இரத்தத்தில் அடங்கியது. கடற்பிரிவும் விமானங்களும் வைத்திருந்த விடுதலைப் புலிகளே 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் தோற்றார்கள். ஒவ்வொரு முறையும் பெரும் விலை கொடுத்தவர்கள் பொதுமக்களே. 2022 ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவைப் பதவி விலக வைத்ததோ ஆயுதமில்லாத மக்கள் எழுச்சி. 2024இல் மக்கள் விடுதலை முன்னணியின் தலைவரும் வாக்குச்சீட்டால்தான் ஜனாதிபதியானார்.

வடக்கு, கிழக்கில் தமிழரின் 1961 சத்தியாக்கிரகத்தை இராணுவத்தைக் கொண்டு அடக்கினார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அறவழி எப்போதும் வெல்வதில்லை; அரசால் இழக்க முடியாத ஒன்று போராடுவோர் கையில் இருந்தால்தான் வெல்லும். உடப்புசல்லாவை முதல் ஹட்டன் வரை மலையகத் தோட்டத் தொழிலாளரிடம் அது இருக்கிறது: உழைப்பு. 1986 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அழைத்த பிரார்த்தனைப் போராட்டத்தால் தோட்ட வேலை நின்றது. தேயிலை ஏற்றுமதியை நம்பியிருந்த அரசு, நாடற்றிருந்த மலையகத் தமிழரின் குடியுரிமை விடயத்தில் இறங்கி வந்தது. காணியும் வீடும் நியாயமான சம்பளமும் இன்னும் பாக்கி. அவற்றைப் பெறவும் தொழிற்சங்கங்கள் கட்சி பேதம் விட்டு ஒன்றுபடுவதே வழி.