பக்கத்து வீடு பாழாய்க் கிடந்தால் நமக்கென்ன?



நம் ஆலயத்துக்குச் சொந்தமான லைன் வீட்டு வாடகையில்தான் வெள்ளிக்கிழமை அன்னதானம் நடக்குது. அதை ஒட்டிய வீடு பல வருஷமா பூட்டிக் கிடக்கு. இடுப்பளவு லாலாங் புல், எலி, தண்ணி தேங்கிய பழைய வாளிகள். நம்ம வீட்டில் குடியிருப்பவங்க பிள்ளைக்கு டிங்கி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. இப்போ காலி பண்ணிடலாமான்னு யோசிக்கிறாங்க.

"அது நம்ம வீடு இல்லையே" என்கிறார்கள் சிலர். "வேலி தாண்டிப் போய் கோத்தோங் ரோயோங் போட்டுடலாம்" என்கிறார்கள் இளைஞர்கள். இரண்டுமே சரியில்லை என்பது எங்கள் கருத்து.

வாடகை வாங்குகிற கை, குடியிருப்பவர் குறையையும் வாங்கிக்கணும். கொசுவுக்கு வேலி தெரியாது. ஏடிஸ் முட்டை ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகிடும். புகை அடிச்சா பறக்கிற கொசுதான் சாகும்; தண்ணிக்குள் இருக்கிற புழு அப்படியே இருக்கும்.

அதுக்காக அடுத்தவர் நிலத்தில் கேட்காமல் நுழைவதும் தப்பு. நம் எல்லைக்குள் நீட்டுகிற கிளையை வெட்டலாம், அதோட சரி. உள்ளே போய் சோதிக்கும் அதிகாரம் சுகாதார அதிகாரிகளுக்கு உண்டு. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975-லேயே நம் நாட்டில் சட்டம் இருக்கு.

நாங்கள் சொல்வது இதுதான்:

1. முதலில் நம் வீட்டு லோங்கானையும் கூரைக் குழாயையும் சுத்தம் செய்வோம்.
2. நில அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடினால் உரிமையாளர் பெயர் கிடைக்கும். தேதி போட்ட படங்களோடு பதிவுத் தபாலில் மரியாதையாக எழுதுவோம்.
3. நகல் நகராண்மைக் கழகத்துக்கு. 1976 ஊராட்சி மன்றச் சட்டப்படி, தொல்லையை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க அவங்களுக்கு அதிகாரம் இருக்கு. பதில் வரும்வரை விடாமல் கேட்போம்.

இன்னொன்றும் சொல்லணும். இப்படிக் கிடக்கிற வீடுகளில் பல, யாருக்கும் வேண்டாத வீடுகள் இல்லை. அப்பா காலமாகியும் பட்டா அவர் பேரிலேயே இருக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். "அண்ணன் பார்த்துப்பார்"னு தம்பி, "தம்பி பார்த்துப்பான்"னு அண்ணன். நம் அன்பர்களிலும் அப்படி வீடு வைத்திருப்பவர்கள் இருக்கலாம். 1955 சிறு சொத்துப் பங்கீட்டுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே விண்ணப்பிக்க வழி இருக்கு. பெயர் மாறும்வரை காத்திருக்காதீங்க. வாரம் ஒரு தடவை யாரையாவது அனுப்பி தேங்கின தண்ணியைக் கொட்டுங்க, மாசம் ஒரு தடவை புல்லை வெட்டுங்க.

அப்பர் பெருமான் உழவாரம் ஏந்தியது புல்லை அகற்றத்தான். ஆலய வளாகத்தில் செய்கிற அந்தப் பணியை நம் பேரில் உள்ள நிலத்திலும் செய்வோம்.

அன்புடன்,
ஆலயத் தொண்டர்கள்