பியானோ பக்கவாத்தியம் அன்று

ஐரோப்பிய சங்கீத சபைகளில் செல்லோவுக்கும் பியானோவுக்குமாக எழுதப்பட்ட சொனாட்டாக்களை இசைக்கும் கச்சேரி ஒன்று அறிவிக்கப்படும்போது, சுவரொட்டியில் செல்லோ வித்வானின் பெயர் பெரிய எழுத்திலும், பியானோ வித்வானின் பெயர் அதற்குக் கீழே சிறிய எழுத்திலும் அச்சாவது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. இசைத்தட்டு உறைகளிலும் இம்முறையைக் காணலாம். மறுநாள் பத்திரிகையில் செல்லோவின் நாதத்தைப் பற்றிப் பத்தி பத்தியாக எழுதும் விமர்சகரோ, பியானோ வாசித்தவர் பொருத்தமாகத் துணை செய்தார் என்று ஒரே வாக்கியத்தில் காரியத்தை முடித்துவிடுகிறார். பார்வைக்கு இது அற்ப விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தச் சொனாட்டாக்கள் எப்படிப் பிறந்தன, அவற்றுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சற்றுக் கூர்ந்து நோக்குபவருக்கு, இவ்வழக்கம் பியானோக் கலைஞருக்கு இழைக்கப்படும் அநீதி என்பதோடு, அந்தச் சிருஷ்டிகளையே பாதி மறைத்துவிடும் திரை என்பதும் தெளிவாகும்.

18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், செல்லோ சொனாட்டா என்றால் செல்லோவுக்கு ஒரு வரியும் அதன் கீழே அடிநாதத்துக்கு ஒரு வரியுமே ஏட்டில் இருக்கும். அந்த அடிநாதத்தை ஆதாரமாகக் கொண்டு, ஹார்ப்ஸிகார்டு வாசிப்பவர் தம் மனோதர்மத்தால் ஸ்வரக் கூட்டுகளை நிரப்பிக்கொள்வார். விவால்டியின் செல்லோ சொனாட்டாக்கள் இந்த மரபைச் சேர்ந்தவை. ஹைடனும் மோசார்ட்டும் செல்லோவுக்கும் பியானோவுக்குமாக முழுமையான சொனாட்டா ஒன்றைக்கூட விட்டுச் செல்லவில்லை. இந்நிலையில், 1796-இல் 25 வயது இளைஞராகப் பெர்லினுக்குச் சென்ற பீத்தோவன், தாமே செல்லோ பயின்றவரான பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரீட்ரிஹ் வில்ஹெல்மின் அவையில், அங்கே புகழோடு விளங்கிய துய்போர் சகோதரர்களில் ஒருவரோடு சேர்ந்து வாசிப்பதற்காக ஓபஸ் 5 என்ற எண்ணில் இரண்டு சொனாட்டாக்களை இயற்றினார். மன்னர் மனமுவந்து தங்கக் காசுகள் நிரம்பிய தங்கப் பொடி டப்பி ஒன்றைப் பரிசளித்தார். அடுத்த ஆண்டு வியன்னாவில் அவை அச்சானபோது, முகப்பேட்டில் முதலில் இடம்பெற்றது செல்லோ அன்று. விசைப்பலகைக்கான சொனாட்டாக்கள் என்றும், செல்லோவும் தவறாமல் உடனிருக்க வேண்டும் என்றுமே அதில் அறிவிக்கப்பட்டிருந்தது. பியானோ வித்வானாகப் புகழ் தேடிக்கொண்டிருந்த பீத்தோவன் தாமே வாசிப்பதற்காக எழுதிய பகுதி அது. அருவிபோல் பொழியும் அதன் ஸ்வரங்களைக் கேட்கும் எவரும் அதனைப் பின்னணி என்று சொல்லத் துணியமாட்டார்கள்.

இவ்விரு வாத்தியங்களையும் இணையாக நிறுத்துவது எளிய காரியமன்று. வில்லால் இழுக்கப்படும் தந்தியின் நாதம் கலைஞரின் விருப்பப்படி நீளும், பெருகும், மெலியும். சுத்தியலால் தட்டப்படும் பியானோவின் ஸ்வரமோ பிறந்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கிவிடுகிறது. வயலினாவது பியானோவின் நடுப்பகுதிக்கு மேலே தனித்து ஒலிக்க வல்லது. செல்லோவின் குரலோ பெரும்பாலும், பியானோவின் இடக்கை உலவும் அதே மந்திர, மத்திம ஸ்தாயிகளிலேயே குடியிருப்பது. இரண்டும் ஒன்றையொன்று மூடாமலும், ஒன்றை மற்றொன்று ஏவலாளாக்காமலும் எழுதுவது எப்படி என்ற கேள்விக்கு, பீத்தோவன் ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் இயற்றிய ஐந்து சொனாட்டாக்களும் படிப்படியாகக் கண்டடைந்த விடைகள். ஐந்தையும் சுமார் இரண்டு மணி நேரத்தில் வாசித்துவிடலாம் என்பதால், ஒரு கலைஞரின் இளமையையும் நடுவயதையும் முதிர்ச்சியையும் ஒரே மாலையில் கேட்டுவிடும் அரிய பாக்கியம் ரஸிகர்களுக்குக் கிட்டுகிறது.

1808-இல் நிறைவுபெற்ற ஓபஸ் 69 சொனாட்டாவின் தொடக்கத்தை மட்டும் சற்று அருகில் சென்று கேட்போம். முதலில் செல்லோ தன்னந்தனியாக, எவ்விதத் துணையுமின்றி, கீழ் ஸ்தாயியில் நிதானமாகப் பேசத் தொடங்குகிறது. அதன் வாக்கியம் நிறைவுபெறுமுன்பே ஒரு தாழ்ந்த ஸ்வரத்தில் அது தங்கிவிட, பியானோ நுழைந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்து, இறுதியில் தாளத்தின் கட்டுக்கு அகப்படாத ஒரு சிறு அலங்காரத்தோடு நிறுத்துகிறது. அடுத்த கணமே இடம் மாறுகிறது: முதலில் செல்லோ பேசியதை இப்போது பியானோ பேசத் தொடங்குகிறது, தொடர்ந்து முடித்துவைப்பதும், சிறு அலங்காரத்தைச் சூட்டுவதும் செல்லோவின் முறையாகின்றன. எவர் முன்னே, எவர் பின்னே என்ற கேள்விக்கு இடமே வைக்காமல், ஒரே வாக்கியத்தை இருவர் பங்கிட்டு முடிப்பது என்ற ஏற்பாட்டை முதல் நிமிஷத்திலேயே பீத்தோவன் ஸ்தாபித்துவிடுகிறார். அந்த முதல் அங்கத்தின் கையெழுத்துப் பிரதி பான் நகரில் பீத்தோவன் பிறந்த இல்லத்துக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது; அடித்தலும் திருத்தலும் மண்டிக் கிடக்கும் அவ்வேட்டில், நடுப்பகுதியில் செல்லோவுக்கென முதலில் எழுதியதைப் பியானோவுக்கும், பியானோவுக்கென எழுதியதைச் செல்லோவுக்கும் அவர் மாற்றி எழுதியிருப்பதை அறிஞர்கள் ஆராய்ந்து காட்டியுள்ளனர். எந்தச் சொல்லை எந்தக் குரல் சொல்ல வேண்டும் என்று அத்துணை சிரமப்பட்டு நிறுத்துப் பார்த்த ஒருவருடைய படைப்பில், ஒரு குரலைத் துணைக்குரலாகத் தள்ளிவைக்க நமக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

1815-இல் எழுதிய ஓபஸ் 102-இன் இரண்டு சொனாட்டாக்களிலும் இக்கொள்கை இன்னும் ஆழமாகிறது. அவ்வாண்டு பிறப்பதற்கு முதல் நாளிரவு, வியன்னாவில் ரசுமோவ்ஸ்கி பிரபுவின் மாளிகை தீக்கிரையாகி, அவர் பேணிவந்த நால்வர் குழு நிலைகுலைந்தது. அதன் செல்லோக் கலைஞரான யோசெஃப் லிங்கே, பீத்தோவனின் தோழியான எர்டோடி சீமாட்டியின் கிராமத்து இல்லத்தில் கோடையைக் கழித்தார். சீமாட்டியோ தேர்ந்த பியானோக் கலைஞர். அந்த நட்பின் சூழலில் பிறந்தவற்றில் இரண்டாவது சொனாட்டாவில்தான், ஐந்திலும் முதல்முறையாக, முழுநீள விளம்ப கால அங்கம் ஒன்றைக் கேட்கிறோம். அங்கே இரு வாத்தியங்களும் தாழ்ந்த ஸ்தாயியில், தேவாலயத்துக் கூட்டுப் பாடலின் கம்பீரத்தோடு, சேர்ந்து நடக்கின்றன. அதன்பின் வருவது ஃப்யூக் என்னும் அமைப்பு: ஒரே கருத்தை நான்கு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னிச் செல்வதும், எந்தக் குரலையும் உதறிவிட முடியாததுமான அமைப்பு. நான்கில் ஒரு குரல் செல்லோவினுடையது. மற்ற மூன்றையும் பியானோ வாசிப்பவரின் இரு கரங்களே சுமக்கின்றன. இங்கே பியானோவைப் பின்னணியாகக் கேட்பவர் நான்கில் மூன்று பங்கை இழந்துவிடுகிறார்.

பின்வந்த மேதைகளும் இந்த வழியைக் கைவிடவில்லை. 1865-இல் முடிவுபெற்ற தம் முதற் சொனாட்டாவின் முகப்பில் பிராம்ஸ் பியானோவையே முதலில் குறிப்பிட்டார். அதன் இறுதி அங்கமான ஃப்யூக் அமைப்பைத் தொடங்கிவைப்பதும் பியானோவின் இடக்கைதான். ஷோப்பேன் தம் வாழ்நாளில் கடைசியாக வெளியிட்ட படைப்பு செல்லோ சொனாட்டாவே. 1848 பிப்ரவரியில் பாரிஸில் தாம் நிகழ்த்திய இறுதிக் கச்சேரியில் தம் நண்பர் ஃபிரான்ஷோமோடு அமர்ந்து அதன் மூன்று அங்கங்களை வாசித்தார். புரோகோஃபியேவின் சொனாட்டா 1950-இல் மாஸ்கோவில் அரங்கேறியபோது செல்லோவில் ரொஸ்ட்ரபோவிச் இருந்தார் என்றால், பியானோவில் ரிக்டர் இருந்தார். 1964-இல் எடின்பரோ விழாவில் பீத்தோவனின் ஐந்து சொனாட்டாக்களையும் வாசித்தவர்களும் அவ்விருவரே. நல்லவேளையாகப் படமாகவே பதிவாகியிருக்கும் அந்தக் கச்சேரியைப் பார்ப்பவர், இருவரில் எவரைத் துணைவர் என்று சொல்வார்?

எதிர்வாதம் இல்லாமலில்லை. இன்றைய பியானோ இரும்புச் சட்டத்தில் முறுக்கேற்றிய கம்பிகளோடு, பீத்தோவன் காலத்து மரச்சட்ட வாத்தியத்தைவிட மிக்க வலிமை பெற்றுவிட்டது. அதை அடக்கி வாசிக்காவிட்டால் செல்லோ அமிழ்ந்துபோகும். ஆகவே அதன் மூடியைக் குட்டைக் கோலில் நிறுத்தி, வித்வானையும் ஒதுங்கி வாசிக்கச் சொல்வதே உசிதம் என்கிறார்கள். அபாயம் மெய்யானதே; பிராம்ஸின் முதற் சொனாட்டாவை அவரோடு வாசித்த நண்பர், பியானோவின் முழக்கத்தில் தம் செல்லோ தமக்கே கேட்கவில்லை என்று முறையிட்டதாக ஒரு கதையும் உண்டு. எனினும், மூடியைத் தாழ்த்தினால் ஓசையின் அளவு சற்றுக் குறையலாமே ஒழிய, தெளிவும் கூடவே மழுங்கிவிடுகிறது. செல்லோவின் குரலை அமிழ்த்துவது பெரும்பாலும் உரத்த ஒலியைவிடக் குழம்பிய ஒலிதான். மிதியைக் கட்டோடு பயன்படுத்தி, இடக்கையின் ஸ்வரங்களைத் தனித்தனியே துலக்கி, வில் மூச்சு வாங்கும் இடமறிந்து வாசிக்கும் பியானோக் கலைஞருக்கு மூடியை முழுதும் திறந்து வைத்தாலும் பாதகமில்லை. சமநிலை என்பது காதின் சாதனை, மரப்பலகையால் வாய்ப்பதன்று. அந்தச் சாதனைக்கு இருவரும் ஒன்றாகப் பல நாள் ஒத்திகை பார்த்தாக வேண்டும். கடைசி நேரத்தில் வந்து சேர்ந்து, முன்னவர் போகும் வழியே பின்தொடர்ந்து போகும்படி பியானோக் கலைஞரைப் பணிப்பதும் அவரைத் துணைவராகக் கருதுவதன் விளைவே.

செல்லோவைக் கேட்கத்தானே மக்கள் சீட்டு வாங்குகிறார்கள் என்பது இன்னொரு வாதம். மனிதக் குரலுக்கு அத்துணை நெருங்கிய அந்நாதம் கேட்போரைக் கவர்வதில் வியப்பில்லை; அந்தக் கவர்ச்சியைக் குறைத்துச் சொல்வதும் என் நோக்கமன்று. ஆனால் ரஸிகர் எதற்காக வந்தாரோ அதைவிடப் பெரியதொன்றை அவருக்குக் காட்டி அனுப்புவதே சபையின் கடமை. இனிய குரலைக் கேட்க வந்தவர் இரு மனங்களின் சம்பாஷணையைக் கேட்டுத் திரும்புவாராயின், அவர் வாங்கிய சீட்டுக்கு இரட்டிப்புப் பயன் கிடைத்ததாகும்.

ஆகவே சபைகளை நடத்துவோர் செய்ய வேண்டியது மிக எளியது: இரு பெயர்களையும் ஒரே அளவு எழுத்தில், ஒரே வரியில் அச்சிடுங்கள்; சன்மானத்தையும் சமமாக்குங்கள்; நிகழ்ச்சி நிரலில் சொனாட்டாவின் பெயரை இயற்றியவர் எழுதியபடியே, இரு வாத்தியங்களையும் சொல்லிக் குறிப்பிடுங்கள். விமர்சகர்கள் பியானோவைப் பற்றியும் செல்லோவுக்கு எழுதும் அதே அக்கறையோடு எழுதட்டும். ரஸிகர்களோ, அடுத்த முறை ஓபஸ் 69-ஐக் கேட்கும்போது, செல்லோ தாழ்ந்த ஸ்வரத்தில் தங்கி நிற்க, பியானோ பேச்சைத் தன் கையில் வாங்கிக்கொள்ளும் அந்த இடத்தில், தம் செவியையும் அதனோடு மாற்றிக்கொள்ளப் பழகட்டும். பீத்தோவன் ஏட்டில் அடித்தடித்துத் திருத்தி நிலைநாட்டிய சமத்துவத்தை, ஒரு சுவரொட்டியின் எழுத்தளவு அழித்துவிட நாம் அனுமதிக்கலாகாது.