கீபோர்டு நொறுங்கினால் யார் பணம் தருவது?
பார்சல் சீட்டில் ஒளிந்திருக்கும் ‘பத்து மடங்கு’ கணக்கு!

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கிறது. ராட்சத கிரேன் ஒன்று, ஆள் உயரத்தைத் தாண்டும் கண்டெய்னரைத் தீப்பெட்டி மாதிரி தூக்கி, அலுங்காமல் குலுங்காமல் இறக்கி வைக்கிறது. 2013 முதல் நடந்துவரும் காட்சி இது. ஆனால் அதே ஊர்ப் பக்கத்துக் குப்பத்துக்கு ஒரு கீபோர்டையோ, ஒரு ஜோடி ஸ்பீக்கர் பாக்ஸையோ முழுசாகக் கொண்டுவந்து சேர்ப்பது என்றால் பெரும்பாடுதான்!

பழவேற்காடு ஏரி முகத்துவாரத்திலிருந்து எண்ணூர் வரை வரிசையாக மீனவர் குப்பங்கள். அம்மன் கோவில் திருவிழா, மாதா கோவில் தேர், கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் மைக்செட் வேண்டும். கொஞ்சம் வசதி இருந்தால் பாட்டுக் கச்சேரியும் வேண்டும். கச்சேரி கோஷ்டிக்காரர்கள் கடனை உடனை வாங்கித்தான் சாமான் சேர்க்கிறார்கள். சாமான் உடைந்து வந்தால் அன்றைய கச்சேரி போச்சு. வாங்கிய அட்வான்சையும் திருப்பித் தரவேண்டும். கடன் மட்டும் அப்படியே நிற்கும்.

“எந்தக் கூரியர்ல போட்டா சீப்பு?” என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கிற கேள்வி. கேட்க வேண்டியது அது அல்ல. “எத்தனை கை மாறும்? உடைஞ்சா எவ்வளவு தருவே?” இந்த இரண்டும்தான்.

எங்கே உடைகிறது?

ஓடுகிற லாரியில் உடைவதைவிட ஏற்றி இறக்குகிற இடத்தில் உடைவதே அதிகம். கோயம்புத்தூரில் புக் செய்த பெட்டி அங்கே ஒரு கோடவுன், மாதவரத்தில் ஒரு கோடவுன், அங்கிருந்து சின்ன வேன், மீஞ்சூரில் ஓர் ஆபீஸ் என்று இறங்கி இறங்கி ஏறும். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ‘தொம்’! ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தம் கனமானது. பெட்டி ஒருமுறை முதுகுப்பக்கம் விழுந்தாலே போதும், காந்தம் இடம் பெயர்ந்து காயில் உரசும். வெளியே கீறல்கூட இருக்காது. மேடையில் போட்டால்தான் ‘கரகர’ என்று குட்டு வெளிப்படும்.

ஆம்னி பஸ் பார்சலில் போடலாமே என்பார்கள். தென்மாவட்ட பஸ்கள் பல இப்போது கிளாம்பாக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து காட்டுப்பள்ளி என்றால் பட்டணத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உள்ள தூரம். ரிச்சி தெருவில் வாங்கிய சாமான் என்றால் ஒரு ‘குட்டி யானை’ வண்டி பிடித்து, கூடவே ஆள் உட்கார்ந்து வருவதே உத்தமம். வாடகை கூடத்தான் ஆகும். ஆனால் ஒரே ஏற்றம், ஒரே இறக்கம்!

மீஞ்சூரிலிருந்து துறைமுகம் வரும் சாலையில் டிரெய்லர் லாரிகள் நடுவே புகுந்துதான் வரவேண்டும். ஆகவே கூரியர்காரர் குப்பத்து வீட்டு வாசல் வரை வருவாரா, மீஞ்சூர் ஆபீசில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வாரா என்பதைப் புக்கிங் அன்றே கேட்டுவிட வேண்டும். பெட்டி வந்தபிறகு கேட்டால் கிடைத்த ஷேர் ஆட்டோவில் ஏற்றவேண்டிய கதி வரும்.

எடையில் ஒரு ஏமாற்றம்

15 கிலோ கீபோர்டுக்கு 30 கிலோ சார்ஜ் போடுகிறான் என்று கவுண்ட்டரில் சண்டை நடக்கிறது. கம்பெனிகள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது வழக்கம். 120-க்கு 50-க்கு 25 பெட்டி என்றால் 30 கிலோ வரும். நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது கூடவோ அதற்குத்தான் பில். வகுக்கும் எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதையும் கேட்டுக்கொண்டு ரேட்டை ஒப்பிட்டால்தான் நிஜமாகவே எது சீப் என்று தெரியும்.

பத்து மடங்கு!

விஷயமே இனிமேல்தான் இருக்கிறது. லாரி சர்வீசுகளுக்கும் கூரியர்களுக்கும் சேர்த்து 2007-ல் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. விதிகள் 2011-ல் வந்தன. சாமான் உடைந்தாலோ காணாமல் போனாலோ கம்பெனி தரவேண்டியது, கட்டிய கூலியைப் போல் பத்து மடங்கு வரைதான் என்கிறது விதி. 60 ஆயிரம் ரூபாய் கீபோர்டு, கூலி 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது அதிகபட்சம் 4 ஆயிரம்! கூலி குறையக் குறைய நஷ்டஈடும் குறையும். சீப் கூரியரின் ரகசியம் புரிகிறதா?

இதற்கு மாற்று வழியும் அதே சட்டத்தில் உண்டு. சாமானின் மதிப்பைச் சீட்டில் எழுதி, கூடுதல் பொறுப்புக் கட்டணம் கட்ட ஒப்புக்கொண்டால் இந்தப் பத்து மடங்கு வரம்பு பொருந்தாது. பில்லில் ‘எஃப்.ஓ.வி.’ என்று ஒரு தொகை இருந்தால் அதோடு திருப்தி அடையக்கூடாது. அது ‘ஓனர் ரிஸ்க்’ ரேட்டா, ‘கேரியர் ரிஸ்க்’ ரேட்டா என்று கேட்கவேண்டும். இரண்டாவதுதான் பெட்டிக்குக் காவல். பழைய சாமானுக்கு அது உண்டா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது.

நம் ஆட்கள் செய்யும் காரியம் வேறு. ஈ-வே பில் தொல்லை வேண்டாமென்று 60 ஆயிரத்தை 5 ஆயிரம் என்று எழுதிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக்குள்ளேயே போகும் சரக்குக்கு 1 லட்சம் ரூபாய் வரை ஈ-வே பில்லே தேவையில்லை! குறைத்து எழுதினால், நஷ்டஈடும் எழுதிய தொகையைத் தாண்டாது. தன் தலையில் தானே மண்!

கோர்ட்டு என்ன சொன்னது?

சீட்டுக்குப் பின்னால் எறும்பு எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. 1996-ல் பாரதி நிட்டிங் கம்பெனி, டி.எச்.எல். கூரியர் மீது தொடுத்த வழக்கில், கையெழுத்துப் போட்ட சீட்டில் உள்ளபடி 100 டாலர்தான் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2000-ல் நாத் பிரதர்ஸ் வழக்கில் அதே கோர்ட்டு, ‘ஓனர் ரிஸ்க்’ என்று அச்சடித்துவிட்டதால் மட்டும் லாரி கம்பெனி தன் கவனக்குறைவுக்குத் தப்பிவிட முடியாது என்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், ‘ஓனர் ரிஸ்க்’ என்ற முத்திரைக்குப் பயப்பட வேண்டியதில்லை. தொகை குறிப்பிட்டு வரம்பு கட்டியிருக்கும் வரிக்குத்தான் பயப்பட வேண்டும்.

ரயில் பார்சலிலும் இதே கதைதான். மதிப்பு எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் கிலோவுக்கு 50 ரூபாய்தான் ரயில்வேயின் பொறுப்பு. 20 கிலோ ஆம்ப்ளிஃபயருக்கு ஆயிரம் ரூபாய்! இப்படி எழுதிப்போடாத பார்சல்கள் எத்தனை தினமும் சென்டிரலில் ஏறுகின்றனவோ.

வீணைக்கு வெயில் ஆகாது

கட்டும் விதத்திலும் கவனம் வேண்டும். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மெழுகில் பதித்தவை. வெயிலில் நிற்கும் லாரியில் மெழுகு இளகினால் சுருதியே போய்விடும். தந்திகளைச் சற்றுத் தளர்த்தி, இரவு வண்டியில் அனுப்புவதே சரி. கீபோர்டைப் படுக்க வைத்துக் கட்டவேண்டும். பெட்டிக்குள் பெட்டி வைத்து, நடுவில் நாலு பக்கமும் பஞ்சு மெத்தை. ‘கண்ணாடி, ஜாக்கிரதை’ ஸ்டிக்கரை நம்பி மெத்தையை மிச்சம் பிடிக்கக்கூடாது. பேட்டரி வைத்த டிராலி ஸ்பீக்கர் என்றால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; விமானத்தில் போகும் கூரியர் திருப்பி அனுப்பிவிடும்.

கையெழுத்துக்கு முன்

டெலிவரி பையன் அவசரப்படுத்துவான். “சார், கையெழுத்துப் போடுங்க, இன்னும் நாலு வீடு போகணும்!” அவசரப்படக்கூடாது. பெட்டி நசுங்கியிருந்தால் சீட்டிலேயே ‘பெட்டி சேதம், பிரிக்காமல் பெறப்பட்டது’ என்று எழுதி, பிறகு கையெழுத்து. பிரிக்கும்போது செல்போனில் படம்.

கனடா பாடகர் டேவ் கரோலின் கிட்டாரை 2008-ல் அமெரிக்க விமானத்தில் உடைத்தார்கள். ரிப்பேர் செலவு 1,200 டாலர். 24 மணி நேரத்துக்குள் புகார் தரவில்லை என்று யுனைடெட் கம்பெனி கையை விரித்துவிட்டது. அவர் 2009-ல் பாட்டே போட்டு உலகம் முழுக்கக் கம்பெனியின் மானத்தை வாங்கினார். காட்டுப்பள்ளிக்காரர் பாட்டுப் போடவேண்டாம், நோட்டீஸ் போட்டால் போதும். புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் லாரி, கூரியர் மீது வழக்கே போடமுடியாது. நோட்டீஸ் கொடுத்துவிட்டால், கவனக்குறைவால்தான் உடைந்தது என்று நிரூபிக்கும் வேலை பறிகொடுத்தவருக்கு இல்லை என்கிறது சட்டம்.

கம்பெனி எங்கே இருந்தாலும், சொந்த மாவட்டமான திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கட்டிய கூலி 5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆகவேண்டும் என்றும் இல்லை. பார்சல் சீட்டு மட்டும் கையில் இருக்கவேண்டும்.