மடிநோயும் மஞ்சளும்

“மடிநோய்க்குக் கற்றாழையையும் மஞ்சளையும் அரைத்துப் பூசச் சொல்வது அறிவியல் அல்ல, பாட்டி வைத்தியம்” என்று எழுதியிருக்கிறார் நண்பர். பாட்டி வைத்தியம்தான். அதனாலேயே அது அறிவியல் ஆகாது என்று யார் சொன்னது?

தஞ்சாவூரில், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் மையத்தில், பேராசிரியர் புண்ணியமூர்த்தி செய்ததைப் பாருங்கள். ‘ஒரு கைப்பிடி’, ‘கொஞ்சம்’ என்று கிடந்த ஊர்வழக்கை அளவுக்குள் கொண்டுவந்தார். சோற்றுக்கற்றாழை சுமார் 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். அரைத்தால் விழுது செக்கச்செவேலெனச் சிவக்கும். மடியைக் கழுவி, பாலை முழுக்கக் கறந்துவிட்டு, நாளெல்லாம் பலமுறை பூச வேண்டும். ஐந்து நாள் விடக்கூடாது. அளவும் முறையும் இருப்பதைச் சோதிக்கலாம், தப்பென்றால் தப்பென்று சொல்லலாம். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் இதைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறது.

நண்பர் பேசாமல் விட்ட கணக்கு ஒன்று உண்டு. ஆன்டிபயாடிக் போட்ட மாட்டின் பாலைச் சில நாள் பால் சொசைட்டியில் ஊற்றக்கூடாது. ஒரத்தநாட்டுப் பக்கம் இரண்டே மாடு வைத்திருப்பவர் அந்த நாள்களில் எதைத் தின்பார்? ஊற்றினாலோ, மருந்து நம் பிள்ளைகளின் டம்ளருக்கு வரும். கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை உணவுக்கான கால்நடைகளுக்குத் தர 2019-இல் இந்தியா தடை விதித்தது, மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கு அஞ்சித்தான்.

ஒன்றில் நண்பரோடு நிற்கிறேன்: கோமாரிக்குத் தடுப்பூசி போடாமல் மூலிகையை நம்புவது மாட்டுக்குச் செய்யும் துரோகம். காய்ச்சலில் மாடு படுத்துவிட்டாலும் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

மற்றபடி, சந்தேகப்படுங்கள் நண்பரே. கொட்டிலுக்கு வந்து, பூசுவதற்கு முன்னும் பின்னும் பாலைச் சோதித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.