தெய்வம் குடியேறிற்று, மனிதன் குடிபெயர்ந்தான்!

விருந்தினனைத் தெய்வமாகக் கொள்க என்பது தைத்திரீய உபநிடதத்தின் கட்டளை. ஓலைச்சுவடியில் உறங்கிக் கிடந்த அதைத் தட்டி எழுப்பி, தூசி துடைத்து, வண்ணம் பூசி, தொலைக்காட்சியிலும் சுவரொட்டியிலும் வலம் வரச் செய்தது மைய அரசின் சுற்றுலாத்துறை. காதுக்கு இனிமை! நாவுக்கு இனிமை! ஆனால் தோழர்களே, நம்மிடம் ஒரு பொல்லாத பழக்கம் உண்டு. ஈரோட்டுக் கிழவர் பழக்கிவிட்ட பழக்கம் அது. எவர் எதைச் சொன்னாலும் 'ஏன், எதற்கு, யாருக்கு?' என்று கேட்டுவிடுவோம். விருந்தினன் தெய்வமென்றால், அந்தத் தெய்வம் எந்த வீட்டில் குடியேறுகிறது? அந்த வீட்டில் நேற்றுவரை குடியிருந்த மனிதன் எங்கே போனான்?

தெய்வமென்று ஒன்றை நாட்டியவுடன் அதற்கொரு கோட்டம் கேட்பார்கள். கோட்டத்தைச் சுற்றி நான்கு வீதி கேட்பார்கள். அவ்வீதியில் யார் வாழலாம், யார் நடக்கவும் கூடாது என்று விதி வகுப்பார்கள். 1924இல் வைக்கத்துத் தெருவில் நாம் கண்டது அதுதானே! இன்று வந்திருக்கும் புதுத் தெய்வம் பல்லக்கில் வரவில்லை, காரில் வருகிறது. கைப்பேசியில் அறை பதிவு செய்கிறது; இரண்டிரவு தங்கி, நான்கு படம் எடுத்துக்கொண்டு விடைபெறுகிறது. அதற்கும் கோட்டம் வேண்டும். புதிதாகக் கட்ட வேண்டுமா? எதற்கு? கட்டிய வீடுகள் இருக்கின்றனவே! குடியிருப்பவனைக் கிளப்பிவிட்டால் கோட்டம் தயார்!

எங்கள் அனுமந்தன்பட்டி, கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிறு பேரூர். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை, நடுவே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் நெல்லும் திராட்சையும். 1956இல் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் நம்மைவிட்டுப் போயின. எல்லைக்கோடு இடையில் விழுந்தது. ஏலத்தோட்டத்து வேலை மட்டும் நம் பெண்களின் தலைமீதே நின்றது. விடியுமுன் ஜீப் புறப்படுகிறது. நெருக்கியடித்து ஏறி, கம்பமெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ மலைக்குப் போய், பகலெல்லாம் பனியிலும் மழையிலும் குனிந்து நின்று காய் பறித்து, பொழுது சாய்ந்தபின் இறங்கி வருகிறார்கள். என் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில், தாயின் முகத்தை விளக்கொளியில் மட்டுமே பார்க்கிறவர்கள் உண்டு.

'அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கக்கூடாதா?' என்றார் பட்டணத்து நண்பர் ஒருவர். அறைக்கா பஞ்சம்? தேக்கடி காண வருவோருக்காகக் குமுளியில் ஹோம் ஸ்டே பலகை தொங்காத தெரு எது? அந்தப் பலகைகளுள் ஒன்றிலேனும் 'ஏலக்காய் பறிப்போர்க்கு' என்று எழுதியிருக்கக் காணோம்! ஜீப் பயணத்துக்கு இது ஒன்றே காரணமென்று நான் வாதாட வரவில்லை. கூலியின் குறைவும் குடும்பத்தின் தேவையும் உண்டு. ஆனால் மலையிலே தங்க நினைக்கிறவளுக்கு அங்கே கதவு இல்லை என்பது மட்டும் உண்மை.

கோடைக்கானலைப் பாருங்கள். 1845இல் சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சிய அமெரிக்கப் பாதிரிமார் இரண்டு பங்களா கட்டினார்கள். அதுதான் நகரின் தொடக்கம். விருந்தினருக்கென்றே பிறந்த ஊர் என்று சொல்லிவிடலாம். ஆனால் விருந்தினன் தானே சமைத்துக்கொள்வதில்லை. தன் படுக்கையைத் தானே விரிப்பதில்லை. சமையற்காரர், குதிரை பிடிப்பவர், தெருக் கூட்டுபவர், செவிலியர், ஆசிரியர் என்று ஊர் வளர்ந்தது. அவர்களுக்கும் தலைக்குமேல் ஒரு கூரை வேண்டாமா?

என்னோடு கல்லூரியில் பயின்ற ஒருவருக்கு அந்த மலையில் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. இரண்டறை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். மார்ச் மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் வந்தார். "சார், நீங்க தங்கமான மனுஷன். ஆனா சீசன் வருதே! ஏப்ரல், மே ரெண்டு மாசம் காலி பண்ணிக் கொடுங்க. ஜூன்ல திரும்ப வாங்க" என்றார். தேர்வு நடக்கும் மாதத்தில் ஆசிரியர் பெட்டி படுக்கையோடு தெருவில் நின்றார்! இப்போது வத்தலக்குண்டில் குடியிருந்து, விடியற்காலைப் பேருந்தில் மலையேறுகிறார். எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஜீப், அவருக்குப் பேருந்து. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இதில் மட்டும் எவ்வளவு அழகாக ஒழிந்துவிட்டது!

வீட்டுக்காரரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. நான் கணக்கைத் திட்ட விரும்புகிறேன். மாத வாடகை ஆறாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே வீட்டை நாள் வாடகைக்கு விட்டால் ஓரிரவுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு. மாதத்தில் எட்டே இரவு ஆள் வந்தால் இருபதாயிரம்! மற்ற இருபத்திரண்டு இரவும் வீடு பூட்டிக் கிடந்தாலும் நட்டமில்லை. அதாவது, மனிதன் முப்பது நாள் வாழ்வதைவிட எட்டு நாள் தவிர மற்ற நாளெல்லாம் வீடு வெறுமையாய்க் கிடப்பது ஆதாயம்! இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினால் ஐந்தாம் வகுப்புச் சிறுவனும் எந்தப் பக்கம் காற்றடிக்கும் என்று சொல்லிவிடுவான். இதைத் தடுக்கும் அணை எது? சட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் குறைகள் ஆயிரம் இருந்தன, வழக்குகள் தலைமுறை தலைமுறையாய் இழுத்தன, மறுக்கவில்லை. ஆயினும் 'நியாய வாடகை' என்றொரு சொல் அதில் இருந்தது. வாடகைக்காரன் அதிகாரியின் முன் நின்று, 'இது நியாயமா?' என்று கேட்கலாம். 2017இல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் அந்தப் பழையதை நீக்கியது. வாடகையை இருவரும் பேசி எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு விட்டுவிட்டது. வீடில்லாதவனும் வீடுடையவனும் சரிநிகராய் அமர்ந்து பேசி முடிப்பார்களாம்! ஆட்டுக்குட்டியும் ஓநாயும் ஒப்பந்தம் எழுதுகிற காட்சி! இரண்டிரவு தங்கிப் போகிறவனோ வாடகைக்காரன் என்ற கணக்கிலேயே வருவதில்லை. குடியிருப்பு வீடு சத்தமின்றிக் கடையாகிவிடுகிறது.

2024 மே 7 முதல் கோடைக்கானலுக்கும் உதகைக்கும் செல்ல இ-பாஸ் வேண்டும் என்றாயிற்று. 2025 கோடையில் உயர்நீதிமன்றம் கோடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பும் கட்டிற்று. வரவேற்கிறோம். வண்டியை எண்ணியாயிற்று. வீட்டை எண்ணியது யார்? எத்தனை வீட்டில் மனிதர் வாழ்கிறார்கள், எத்தனை வீட்டில் சாவி மட்டும் தொங்குகிறது என்று எந்தச் சோதனைச்சாவடியில் கணக்கெடுத்தார்கள்? மாறாக, 2025 பிப்ரவரி 1 அன்று படித்த நிதிநிலை அறிக்கையில், ஹோம் ஸ்டே நடத்துவோருக்கு முத்ரா கடன் என்றார் நிதியமைச்சர். குடியிருக்க வீடு தேடுகிறவன் முன்பணத்துக்கு அடகுக்கடையில் நிற்கிறான். குடியிருந்தவனைக் கிளப்பினாலும் கிளப்பாவிட்டாலும் விடுதிக்குக் கடன் உண்டு!

இதில் இன்னொரு கூத்தையும் சொல்லியே ஆகவேண்டும். உள்ளூரில் வீடு கேட்டுப் போய்ப் பாருங்கள். பெயரைக் கேட்பார்கள்; ஊரைக் கேட்பார்கள்; எந்தத் தெரு என்பார்கள்; 'நீங்க என்ன ஆளுங்க?' என்பதில் முடிப்பார்கள். 'சைவம் மட்டும்' என்ற பலகைக்குப் பின்னால் எந்தச் சாதி ஒளிந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியாததா? 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் 'பிராமணாள்' என்ற சொல் இருக்கக்கூடாதென்று பெரியாரின் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை புகுந்தார்கள். உணவுக்கடைப் பலகையிலிருந்து இறங்கிய சாதி, வாடகை வீட்டு வாசலில் வேறு பெயரில் ஏறி நிற்கிறது. சரி, அதே வாசலில் நாள் வாடகைக்கு வருகிறவனைப் பாருங்கள்! சாதி கேட்டார்களா? குலம் கேட்டார்களா? கைப்பேசியில் பணம் விழுந்ததும் கதவு திறந்தது! இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குத் தீட்டுக் கழிந்தது! ஐயர் வேண்டாம், ஆகமம் வேண்டாம், இப்படியொரு விரைவான சுத்திகரிப்பை எந்தச் சாத்திரமும் கண்டதில்லை. ஆண்டுக்கணக்கில் ஊருக்கு உழைக்க வருகிறவனிடம் மட்டும் சாதி உயிர்த்தெழுகிறது.

தமிழ்ப்புலவர் ஒருவர் என்னிடம் சினந்தார். 'விருந்தோம்பல் தமிழர் பண்பாடு. வள்ளுவரே ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். நீர் விருந்தினரைப் பழிக்கிறீரே!' என்றார். ஐயா, வகுத்திருக்கிறார். எங்கே வகுத்திருக்கிறார்? இல்லறவியலில்! அன்புடைமைக்கு அடுத்து, இனியவைகூறலுக்கு முன்பு. இல் இருந்தால்தான் இல்லறம். இல்லறம் இருந்தால்தான் விருந்து. இல்லத்தையே பறிகொடுத்தவன் யாரை வரவேற்பது, எந்தத் திண்ணையில் அமர்த்துவது? வள்ளுவர் சொன்ன விருந்துக்கு விலைப்பட்டியலும் கிடையாது. காசு கொடுத்து உண்பது வாணிபம். வாணிபம் செய்யட்டும், யார் வேண்டாமென்றார்? குறளை அதற்குக் குடைபிடிக்க அழைக்க வேண்டாம்.

போடிமெட்டு வழியாக மூணாறு போனால் இந்த நாடகத்தின் மற்றொரு காட்சி. தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாய் விரிந்து கிடக்கிறது. சன்னலைத் திறந்தால் அந்தப் பசுமை தெரியும் அறைக்கு ஒரு விலை. தெரியாத அறைக்கு வேறு விலை. அந்தப் பசுமையை அங்கே யார் விரித்தார்கள்? தமிழ்நாட்டிலிருந்து சென்ற உழைப்பாளிகள், மூன்று நான்கு தலைமுறையாய்! அவர்கள் குடியிருப்பது எங்கே? கம்பெனிக்குச் சொந்தமான லயங்களில். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தால்தான் அதே கூரை. 2015 செப்டம்பரில் தேயிலை பறிக்கும் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, 'பெண்கள் ஒருமை' என்று தாமே திரண்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்தபோதுதான், சுற்றுலா வந்தவர்கள் பலருக்கு அந்த மலையில் மனிதர்கள் வாழ்வதே தெரிந்தது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்! காட்சியை உண்டாக்கியவனுக்கு மண்மூடிய லயம். காட்சியைக் காண வந்தவனுக்குக் கண்ணாடிச் சன்னல்.

இது நம் மலைகளின் நோய் மட்டுமா என்றால், இல்லை. உலக நோய். அந்நோயின் பிறப்பே ஒரு நகைப்பு. 2007இல் அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோவில் இரண்டு இளைஞர்கள் வீட்டு வாடகை கொடுக்க வழியின்றித் திண்டாடினார்கள். மாநாடு ஒன்றுக்கு வந்தவர்களுக்குக் காற்றுமெத்தை விரித்து இடங்கொடுத்துக் காசு பார்த்தார்கள். அடுத்த ஆண்டு அது ஏர்பிஎன்பி என்ற நிறுவனமாயிற்று. வாடகைக்குத் திண்டாடிய இருவர் கண்ட வழி, வாடகைக்குத் திண்டாடும் இலட்சக்கணக்கானோரை உண்டாக்கிற்று! பார்சிலோனாவில் பத்தாண்டில் வாடகை 68 விழுக்காடு ஏறியதைச் சுட்டி, சுற்றுலாப் பயணிகளுக்கு விடப்படும் 10,101 வீடுகளின் உரிமங்களை 2028 நவம்பருக்குமேல் புதுப்பிப்பதில்லை என்று 2024 ஜூனில் அறிவித்தார் மேயர் கொல்போனி. நியூயார்க் 2023 செப்டம்பரிலிருந்து ஒரு விதியை அமல்படுத்தியது: முப்பது நாளுக்குக் குறைவாக விடுவதென்றால் பதிவு வேண்டும், வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்க வேண்டும், இரண்டு பேருக்குமேல் தங்கக்கூடாது. முதலாளித்துவத்தின் தலைநகரமே தலையில் கைவைத்துக்கொண்டு எழுதிய விதி! சமூகநீதி பேசும் தமிழகத்துக்கு இதை எழுதப் பேனா இல்லையா?

'ஐயோ, ஏழை வீட்டில் ஓர் அறை விட்டு நாலு காசு பார்ப்பதையும் கெடுக்கிறீரே' என்பார்கள். கெடுக்கவில்லை. தான் வாழும் வீட்டின் பின்னறையை விட்டுப் பிழைக்கும் கைம்பெண்ணோடு நமக்குச் சண்டையில்லை. அவள் யாரையும் வெளியேற்றவில்லை. மதுரையிலும் சென்னையிலும் கொச்சியிலும் இருந்துகொண்டு, மலையில் ஏழு வீடு வாங்கி, ஏழிலும் காவலாள் போட்டு, ஏழுக்கும் வீட்டுவரியை மட்டும் கட்டுகிறவரோடுதான் சண்டை. இருவரையும் ஒரே பெயரால் அழைத்து, முன்னவளின் கண்ணீரைக் காட்டிப் பின்னவரின் கருவூலத்தைக் காப்பது பழைய தந்திரம்.

1970இல் குடிசை மாற்று வாரியம் கண்டது இந்த இயக்கம். 1998இல் மேலக்கோட்டையில் முதல் சமத்துவபுரத்தைத் திறந்து, நூறு வீட்டில் நாற்பது ஆதிதிராவிடருக்கு என்று கணக்கு வகுத்தது இந்த இயக்கம். வீடு என்பது சாதியொழிப்பின் களம் என்று அறிந்தவர்கள் நாம். நாள் வாடகை வீடுகளைப் பதிவு செய், உரிமையாளர் வாழாத வீட்டுக்கு வணிக வரி விதி, அந்த வரியில் மலையில் பணிபுரியும் தொழிலாளருக்கும் செவிலியருக்கும் ஆசிரியருக்கும் குடியிருப்பு கட்டு என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

போடிக்கு 2023 ஜூனில் அகலப்பாதை இரயில் மீண்டும் வந்துவிட்டது. கம்பத்துப் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கொடிப்பந்தலின் கீழ் நின்று படமெடுக்க வருவோர் பெருகுவார்கள். தோட்டத்து வீடுகளுக்கு இன்று இல்லாத விலை நாளை வரும். வந்தபின் புலம்புவதைவிட வருமுன் எண்ணத் தொடங்கலாம். படிப்பகத்துத் தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தெருத்தெருவாய்ப் போய், எந்த வீடு பூட்டியிருக்கிறது, எந்த வீட்டில் யார் வாழ்கிறார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கோடைக்கானல் தோழர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நகராட்சிக்கு விண்ணப்பம் போடுங்கள்: குடியிருப்பு வரி கட்டிக்கொண்டு விடுதியாய் நடக்கும் வீடுகள் எத்தனை, அவற்றின்மீது எடுத்த நடவடிக்கை என்ன, நகரத் தூய்மைப் பணியாளருக்கு அரசு கட்டிக்கொடுத்த வீடுகள் எத்தனை? கட்டணம் பத்து ரூபாய்தான். முப்பது நாளில் பதில் தரவேண்டும்.